ஜெசிந்தா அக்கா போட்ட இரண்டு பூட்டு

அன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது அக்காவின் அலுமினியச் சட்டி. திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் நடக்கும் கொட்டகையின் இரண்டாவது தூண் ஓரம் அது கவிழ்ந்து கிடந்தது. மீனை விற்று முடித்து, கழுவிய பிறகுதான் ஜெசிந்தா அக்கா சட்டியைக் கவிழ்ப்பாள். காலை ஆறு மணிக்கு அது நிமிர்ந்து இருக்க வேண்டும். அதற்குள் சும்மாட்டுத் துணி சுருண்டு கிடக்க வேண்டும். நண்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டுதான் போவேன். அன்று நின்றுவிட்டேன். ஏலம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஏலம் கூறும் சூசை மாமாவின் குரல் பாதியாகிவிட்டிருந்தது. பெண்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

சூசை மாமா கையில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏளா மெர்சி, வேலைக்குப் போவாண்டாம். வீட்டுக்குப் போ. அக்காவ அங்கனதான் கொண்டு வாராங்க."

ஐந்து மணிக்கு "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்தாளாம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. யாரோ சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அது ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் கணவர் ராயப்பன் அண்ணன் கேட்டார். அக்காவுக்கு மனு, கடிதம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதால் கேட்டார். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். அவள் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும், சாளை மீன் நாறிப்போயிருந்தால் விற்றவரை என்னென்ன சொல்வாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் வீடு வாங்கிய கதையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டின் முன்பக்கம் இரண்டு அறைகளில் அக்காவும் ராயப்பன் அண்ணனும் வாடகைக்கு இருந்தார்கள். பின்பக்கத்து ஒற்றை அறையில் நானும் அப்பாவும். வள்ளத்தை இழுக்கும்போது அப்பாவின் கால் நசுங்கிய வருடம், ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். நிறுத்தியதில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதிகூட இருந்தது. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன். வாயிலிருந்து சத்தம் வராது. நண்டுக் கொட்டகையில் அந்தத் தொல்லை இல்லை. வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்க யாரும் பேச வேண்டியதில்லை.

வீட்டுக்காரப் பாட்டி இறந்ததும், மும்பையிலும் சென்னையிலும் இருந்த பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டை விற்க முடிவு செய்தார்கள். யாரிடம் விற்பது, என்ன விலை சொல்வது என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வக்கீல் ஒரு வழி சொன்னார். வேண்டுபவர்கள் தங்கள் தொகையைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, குறித்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் அலுவலகத்தில் போட வேண்டும். கூடவே ஐம்பதாயிரம் முன்பணம். எல்லார் முன்னிலையிலும் திறந்து, கூடுதலாக எழுதியவருக்கே வீடு. எழுதியதை மாற்ற முடியாது. கிடைத்த பிறகு வேண்டாம் என்றால் முன்பணம் திரும்பாது. இந்தக் கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா நகரை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"மீனுன்னா கண்ணப் பாத்து வெல சொல்லலாம். எதுத்தாப்புல நிக்கிறவன் மூஞ்சியப் பாத்து ஏத்தலாம், எறக்கலாம். மூஞ்சியும் தெரியாம கண்ணும் தெரியாம என்னத்தளா கேக்க?"

ராயப்பன் அண்ணன் அப்போது மாலைத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணியில் இருந்தார். போன் கிடைக்கவில்லை. ஆகவே அக்கா தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் முன்பு விற்ற நான்கு வீட்டுக்காரர்களையும் போய்க் கேட்டாள். விற்றவர் ஒரு தொகை சொன்னார், வாங்கியவர் வேறு சொன்னார். "ஒருத்தனும் நெசம் சொல்லல. கொறச்சுச் சொன்னவன் பத்திரச் செலவுக்குப் பயந்தவன், கூட்டிச் சொன்னவன் கவுரவத்துக்குச் சொல்லுதான்" என்று வந்து உட்கார்ந்தாள். பிறகு தன்னிடம் உள்ளதைப் பார்த்தாள். வளையல், சீட்டுப் பணம், அண்ணனின் சேமிப்பு, உறவுக்காரர்கள் தருவதாகச் சொன்னது எல்லாம் சேர்த்துப் பதினைந்தரை லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் கடன்தான்.

"பதினஞ்சர. எழுது."

எழுதினேன். எண்ணாலும் எழுத்தாலும். அக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். உறையை ஒட்டவில்லை, வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். "இது ஒனக்கும் எனக்கும் மட்டும்" என்றாள்.

நான் யாரிடமும் பேசுவதில்லை என்பதால் என்னிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். பேசாதவர்களுக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது. எல்லாம் முகத்தில் நிற்கும். தெருவில் யார் என்னைப் பார்த்தாலும் என் நெற்றியில் அந்தத் தொகை எழுதியிருப்பதுபோலத் தோன்றியது. வேறு யாராவது வாங்கினால் இடித்துவிடுவார்கள். நொண்டும் அப்பாவை அழைத்துக்கொண்டு எந்தத் தெருவில் வீடு கேட்பது? முன்பணம் யார் தருவார்கள்? இதையே நினைத்துக்கொண்டு நண்டு உடைத்ததில் இரண்டு முறை விரலைக் கிழித்துக்கொண்டேன்.

வீட்டை இடித்து மீன் குடோன் கட்ட நினைத்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. மீன் கம்பெனி வைத்திருப்பவர், உங்களுக்கெல்லாம் தெரிந்தவர். கெட்டவர் இல்லை. ஒரு காலை நண்டுக் கொட்டகை வாசலில் அவருடைய ஐஸ் வண்டி நின்றது. என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

"ஏளா, ஜெசிந்தாவுக்கு நீதான எழுதிக் குடுத்த? பயப்படாத. ஒன்ன நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. நான் சொல்லுதேன், நீ சும்மா நில்லு." விரலை மடக்கினார். "பதினாலு?"

நான் தரையைப் பார்த்தேன். வண்டியிலிருந்து விழுந்த ஐஸ் துண்டு மண்ணில் உருகிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு?"

ஐஸையே பார்த்தேன்.

"பதினாறு?"

அப்போது என் தலை நிமிர்ந்துவிட்டது. பதினாறு எங்களுடையதைத் தாண்டிய தொகை. தாண்டிவிட்டார், இனிக் கண்டுபிடிக்க மாட்டார் என்ற நிம்மதியில் நானாகவே நிமிர்ந்தேன். நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. பதினைந்துக்குக் குனிந்து, பதினாறுக்கு நிமிர்ந்தால், கரையில் பத்து நாள் நின்ற எவருக்கும் இடையில் உள்ளது தெரிந்துவிடும்.

"சரி, போளா. வேலையப் பாரு" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

இரண்டு நாள் நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் மதியம், அக்கா முற்றத்தில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. அடிப்பாள் என்று நினைத்தேன். தேய்ப்பதை மட்டும் நிறுத்தினாள்.

"அப்ப அவன் பதினாறு போடுவான்" என்றாள்.

"ஆமாக்கா."

"நாம பதினாறேகால் போடணும்." சற்று நேரம் தென்னை நாரைப் பிசைந்தாள். "இல்ல. நீ எங்கிட்ட வந்து சொல்லுவன்னு அவனுக்குத் தெரியும்லா? அப்ப நான் ஏத்துவேன்னும் தெரியும். அவன் பதினாறரை போடுவான்."

"அக்கா…"

"பதினாறே முக்கா. அதையும் அவன் நெனச்சிருப்பான். அவன் கணக்குப் படிச்ச ஆளு." அக்காவின் குரல் மெல்ல மெல்லச் சிறுத்தது. ஏலத்தில் ஏறும்போது அவள் குரல் பெரிதாகும். இதில் ஏற ஏறச் சிறுத்தது. "பதினேழுன்னு நிப்பாட்டுவான். எல்லாவனும் முழுசாத்தான் நிப்பாட்டுவான். பதினேழரை எழுது."

"பணம்?"

"மகளிர் குழுவுல ரெண்டு லட்சம் கடன் வாங்குதேன். நீ எழுது. தெளிவா எழுது."

புதுத் தாளில் எழுதினேன். பழைய தாளை அடுப்பில் போடச் சொன்னாள். போடுகிறேன் என்று வாங்கி, பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டேன். அது எங்களிடம் உள்ள பணம். இது எங்களிடம் இல்லாத பணம். அதை எரித்தால் திரும்பிப் போக வழி இருக்காது என்று ஏதோ தோன்றியது.

அடுத்த நாள் நடந்ததை நீங்கள் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அக்கா கரையிலிருந்து நேராக வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள். சேலையை மாற்றவில்லை. மீன் தண்ணீர் வடியும் சட்டியைத் தலையில் வைத்தபடியே மாடி ஏறினாள். நான் உறையோடு பின்னால். குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சட்டிய வெளிய வையும்மா" என்றார். "வெளிய வச்சா பூன தின்னுரும் சார். ஒங்க வீட்டுக்குக் கொழம்புக்கு ரெண்டு மீனு எடுத்துக்கிடுங்க, வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சட்டியை மடியில் வைத்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே வெள்ளைச் சட்டையில் தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாக எடுத்தது போக, மிச்சத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து வைப்பார்கள். அந்தச் சிறு கூறை ஒரு தலைச்சுமைக்காரி கேட்டுவிட்டால், அதற்கு மேல் எந்தக் கம்பெனிக்காரரும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டவன் மறுநாள் கரையில் தலை காட்ட முடியாது. அக்கா எதற்காகச் சட்டியோடு வந்தாள் என்று எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. தாளில் முகம் தெரியாது. அதனால் முகத்தை நேரில் கொண்டுவந்து வைத்திருந்தாள். வேலை செய்யுமா என்று அவளுக்கும் தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு மேசையில் இரண்டே உறைகள் இருந்தன. தங்கராஜ் அண்ணாச்சி எதுவும் போடாமல் எழுந்து போய்விட்டார். ஒன்று முத்தையாபுரத்துக்காரர் ஒருவருடையது. பதினைந்தேகால். மற்றது அக்காவுடையது.

வக்கீல் பதினேழரை என்று வாசித்ததும் குமாஸ்தா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இறங்கி வரும்போது படியில் அக்கா நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பழைய தாளே போதுமாயிருந்திருக்கும். அது என் மடியில்தான் இருந்தது.

"ஏன் அழுத? வீடு வந்துட்டு."

"ரெண்டு லட்சம் வீணாப் போச்சேக்கா. என்னாலதான்."

"ரெண்டு பூட்டு போட்டேன். ஒண்ணே போதும்னு கள்ளன் வந்து சொல்லிட்டுப் போவானா?" என்றாள். பிறகு, "மூஞ்சியத் தொடச்சிட்டு வா. இது வெளிய போவக் கூடாது" என்றாள்.

நான் செய்தது வெளியே போகவில்லை. தொகை மட்டும் போய்விட்டது. மறுநாளே கரையில் அவளுக்கு 'ரெண்டேகால்' என்று பெயர் வைத்தீர்கள். பக்கத்து உறையைவிட ரெண்டேகால் லட்சம் கூடப் போட்டவள். "ஏ ரெண்டேகாலு, இந்தக் கூறுக்கும் கவர்ல எழுதித் தாரியா?" என்று கேட்பீர்கள். அக்கா ஒரு நாளும் கோபப்படவில்லை. "பயந்துட்டேன், போட்டுட்டேன். பயமில்லாதவ வந்து என் வீட்டப் பாத்துட்டுப் போங்க" என்பாள். ஒரு முறை நான் பக்கத்தில் இருந்தபோது சூசை மாமா, "என்னத்தக் கண்டு அப்பிடிப் பயந்த?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். இரண்டு நாள் அந்த இடம் கன்றிப் போயிருந்தது.

அந்த இரண்டு லட்சத்துக்காக அக்கா மதிய நேரங்களில் நண்டுக் கொட்டகைக்கும் வர ஆரம்பித்தாள். அதிகாலையில் கரை, பகலில் தெருத்தெருவாக வியாபாரம், மதியம் எனக்கு எதிரே நண்டு. முன்பெல்லாம் மதியத்தில் தூங்குவாள். என் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவாள், நண்டின் கொடுக்கை என் பக்கம் ஆட்டிக் காட்டுவாள். பதினோரு மாதம் இப்படி ஓடியது. சில நாள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "மூச்சு முன்னால போயிட்டு, வரட்டும்னு நிக்கேன்" என்பாள். அக்கா இறந்த செய்தி கேட்டதும் எனக்கு வந்த பயம் இதுதான். பதினாறு என்றதும் நான் நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால், அக்கா இப்போது மதியத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் தங்கராஜ் அண்ணாச்சி நின்றிருந்தார். நான் அவரிடம் போனேன். அதுவரை நானாக அவரிடம் பேசியதில்லை. அன்று ஏன் கவர் போடவில்லை என்று கேட்டேன். எவ்வளவு மெதுவாகக் கேட்டேன் என்றால், அவர் குனிந்து இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

"சட்டையில வச்சிருந்தேன். பதினாறு. ஒரு வாரம் முந்தியே எழுதியாச்சு." செருப்பால் மண்ணைத் தள்ளினார். "சட்டிய மடியில வச்சிட்டு ஒருத்தி எதுத்தாப்புல இருக்கா. நான் எப்பிடிப் போட? மறுநாளு கரைக்கு வரணும்லா."

"நான் நிமிந்து பாத்தேனே அண்ணாச்சி. நீங்க பதினாறுன்னதும்."

அவருக்கு நினைவே இல்லை. நெற்றியைச் சுருக்கினார். "ஒன் மூஞ்சியில எனக்கு என்னத்தளா தெரிஞ்சுது? நீ எப்பவும் எலியக் கண்ட மாரி முழிப்ப."

என் முகம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் சட்டைப் பையில் இருந்தது பதினாறு. அவர் மட்டும் வெட்கப்படாத ஆளாக இருந்திருந்தால், எங்கள் பதினைந்தரை தோற்றிருக்கும். அக்காவின் பதினேழரைதான் வீட்டைக் காப்பாற்றியிருக்கும். இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. சட்டி, பதினேழரை, இரண்டில் எந்தப் பூட்டு காப்பாற்றியது என்று அக்காவாலும் சொல்லியிருக்க முடியாது.

இதையெல்லாம் எழுதிய பிறகு அச்சுக்குக் கொடுக்கும் முன் ராயப்பன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். கேட்டுவிட்டு, காலி பண்ணு என்று சொன்னால் நானும் அப்பாவும் போய்த்தான் ஆக வேண்டும். முடித்ததும் அவர் கையை நீட்டினார்.

"அந்தப் பழைய தாளு இருக்கா?"

கொடுத்தேன். அக்காவின் கையெழுத்தின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார்.

"எங்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கா, பாரேன்" என்றார். "குழுவுக்கு இன்னும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பாக்கி. நான் திங்கக்கெழம தோணிக்குப் போறேன்." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "சட்டி அங்கன சும்மாதான் கெடக்கு."

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பவை அந்தத் தாளும், தொடையில் அவள் கிள்ளிய கிள்ளும். கிள்ளிய இடத்தில் இப்போது ஒன்றும் தெரியாது. எங்கே என்று எனக்குத் தெரியும். மூன்றாவதாக இப்போது சட்டி.

நேற்றுக் காலை அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். இரண்டாவது தூண் ஓரம் யாரும் நிற்கவில்லை. சட்டியை நிமிர்த்தி வைத்தேன். தங்கராஜ் அண்ணாச்சி எதிரே ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சூசை மாமா ஒரு சிறு கூறு சாளையைக் காலால் ஒதுக்கி, நூற்றைம்பது என்று தொடங்கினார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எல்லோரும் பார்த்தார்கள். நூற்றறுபதே போதும் என்று எனக்குத் தெரியும்.

"இருநூத்தி இருவது" என்றேன்.